பந்து எடுக்கப் போனவள்

ராத்திரி ஷிப்ட் முடிந்து மூன்று மணி நேரம் தூங்கினேன்.
கையுறைத் தொழிற்சாலையின் மாவு வாசம்
குளித்தும் போகவில்லை.
பன்னிரண்டேகால் பஸ்.
டிரைவர் கேட்டார், யார் வீட்டுக் கல்யாணம்?
பையைத் திறந்து மஞ்சள் ஜெர்சியைக் காட்டினேன்.
"காயாங் தோட்டமா? போன வருசம் ஏழு வாங்குனானுங்களே!"
ஆறு, என்றேன்.
ஏழாவது ஆஃப்சைட்.

டவுன் என்றால் ஒரு தெரு, ஒரு சிக்னல்,
அடகுக்கடை, நம்பர் கடை,
மாமாக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்த தே தாரிக்.
விரலில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.
திடலுக்கு டிக்கெட் கிடையாது. வாசலும் கிடையாது.
ஒரு கோலுக்குப் பின்னால் பெரிய கால்வாய்,
மறு கோலுக்குப் பின்னால் செம்பனை,
அதற்குப் பின்னாலும் செம்பனை.
பார்க்க வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
மாடுகளை நான் எண்ணவில்லை.

மாவட்டக் கிண்ணம், இரண்டாம் சுற்று.
எதிரணி கோல பாரிட் மீனவர் சங்கம்.
மூன்றாம் சுற்றை நாங்கள் பார்த்ததே இல்லை.

எங்கள் கோல்கீப்பர் சத்தியசீலன்
மில்லில் பாய்லர் பார்ப்பவன்.
முன்கையெல்லாம் சுட்ட தழும்பு.
முன்னால் மொக்லேஸ், பங்களாதேஷ்காரன்,
நாற்பதடிக் கம்பில் குலை அறுக்கிறவன்.
அண்ணாந்தே பழகிய கழுத்து.
மேலே போனது எங்கே விழும் என்று
அவனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும்.
அப்படித்தான் தலையால் இரண்டு அடித்தான்.
மீனவர்கள் ஒன்று திருப்பினார்கள்.
முதல் பந்து கால்வாயில் விழுந்து
கடலைப் பார்க்கப் போய்விட்டது.
மிச்சம் ஒன்றே ஒன்று.

எண்பத்தாறாம் நிமிடம்.
சத்தியசீலன் விரல் நுனியால் தட்டிவிட்ட பந்து
கம்பத்துக்கு மேலே எழும்பி, செம்பனைக்குள்.
கார்னர் அவர்களுக்கு.
"அக்கா, பந்து!"
நான்தான் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே நாலு வரிசை தாண்டினால்
சத்தமெல்லாம் வேறு ஊரில் நடக்கிறது.
நேற்றைய மழை மட்டைக் குவியலில் இன்னும் சொட்டுகிறது.
செருப்புக்கடியில் உதிரிப்பழம் நசுங்கியது.
பந்து கண்ணெதிரேதான் கிடந்தது.
எடுத்தேன்.
பதினெட்டு வருசமாய் ஆட்டம் பார்க்கிறேன்,
பந்தைத் தொட்டதே இல்லை.
இவ்வளவு இலேசா?
ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது.
இதற்கா இத்தனை கத்தல்?

பந்து இல்லாமல் எவனும் கோல் போட முடியாது.
இந்த யோசனை எனக்குத் தானாக வந்தது,
யாரும் சொல்லித் தரவில்லை.
அறுபது மரம் எண்ணினேன். நிதானமாக.
பாம்புக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.
"கா! ஓய்!" என்று வெளியே குரல்.
இன்னும் இருபது மரம்.

வெளியே வந்தபோது மீனவர்களின் எட்டாம் நம்பர்
கை நீட்டி நின்றான். பத்தொன்பது வயசிருக்கும்.
"தெரிமா காசே, கா," என்றான்.
நடுவர், ஆரம்பப்பள்ளி வாத்தியார்,
என்னைப் பார்த்தபடியே கடிகாரத்தைத் தட்டி
ஐந்து விரலை விரித்தார்.

கார்னர் ஒன்றும் செய்யவில்லை.
ஐந்தாவது விரலில்தான் அடித்தான்
அந்த எட்டாம் நம்பர்,
சத்தியசீலன் காலுக்கிடையில்.

பெனால்டியில் மொக்லேஸ் கடைசி.
அண்ணாந்தே பழகியவன், அடித்ததும் அண்ணாந்தே போனது.
பந்து மறுபடி செம்பனைக்குள்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் போகவில்லை.

கடைசி பஸ், அதே டிரைவர்.
எத்தனைக்கு எத்தனை?
ரெண்டுக்கு ரெண்டு, என்றேன். மேலே கேட்கவில்லை அவர்.
செருப்பில் ஒட்டிய உதிரிப்பழத்தின் ஆரஞ்சு எண்ணெய்
தரையெல்லாம் ஆகியிருந்தது.
அடுத்த ஞாயிறு லீக் ஆட்டம், டவுன் போலீஸோடு.
ஷிப்ட் மாற்றிக் கேட்க வேண்டும்.
ஒரு பந்து என்ன விலை இருக்கும்?