பதினோராவது சாவு

எமிர் பிரோதரோ என்று டைட்டிலில் போடுவார்கள்.
லைட்மேன்கள் வாயில் அது நுழையாது.
எமன் சார் என்பார்கள்.
எமன் சார், ஷாட் ரெடி.
எமன் சார், உங்களைச் சுட்டாச்சு, விழுங்க.

பத்துப் படத்தில் செத்தார்.
பத்திலும் அவர் வாய்க்குள் நான் இருந்தேன்,
வடபழனியில், ஏசி ஓடாத ஒரு சின்ன அறையில்,
"கட்டு அவனை! என்ன மேன், மொறைக்கிறான்?"
என்று மைக்கைப் பார்த்து உறுமிக்கொண்டு.
பெரியகுளத்துக்காரன் நான்.
இந்தத் துரைத்தமிழில்தான்
மூன்று பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினேன்.

கார்டிஃப் மேடைகளில் இருபத்திரண்டு வருஷம்
கடிதம் கொண்டுவருகிறவராக இருந்திருக்கிறார்.
கதாநாயகனுக்குக் காய்ச்சல் கண்ட வாரம்
நான்கு இரவு ராஜா.
ஐந்தாம் இரவு மறுபடி கடிதம்.
அப்புறம் டிவியில் ஒரு துப்பறியும் தொடர்:
இரண்டு முறை பிணம், ஒருமுறை பிணத்தின் அண்ணன்.
"அண்ணனுக்கு வசனம் இருந்தது" என்றார்.

மனைவி இறந்த வருஷம் கொடைக்கானலுக்கு வந்தவர்
திரும்பிப் போகவில்லை.
ஏரிச்சாலையில் பேரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது
ஓர் உதவி இயக்குநன் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு
கலெக்டர் கெடைச்சுட்டார் என்று கத்தினானாம்.
கலெக்டர், ஜெயிலர், மறுபடி கலெக்டர்,
எஸ்டேட் முதலாளி, மேஜர்.
ஒரே ஒரு தடவை பாதிரியார்,
அவரும் இடைவேளைக்குப் பின் கெட்டவர்.

நான் இங்கிலீஷ்காரன் இல்லை என்று
அவர் சொல்லாத செட் கிடையாது.
சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிடும்.
அவர் தாத்தா பள்ளியில்
சொந்த பாஷையில் பேசிய பிள்ளையின் கழுத்தில்
ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்களாம்.
"எங்க பொண்ணு கான்வென்ட்ல அஞ்சு ரூபா ஃபைன்" என்றேன்.
"பரவாயில்லை, முன்னேற்றம்" என்றார்.

அப்பாவுக்கு சிலேட்டுச் சுரங்கத்தில் வேலை.
நான் முதலில் ஆனா எழுதிய சிலேட்டு
உங்க மலையா இருக்குமோ என்று கேட்டேன்.
இருக்காது என்றார் உடனே.
பாதி டம்ளர் கழித்து,
"இருந்தால் இருக்கட்டும்."

பதினோராவது படம், பூம்பாறை.
படிப்படியாய்ப் பூண்டு வயல் இறங்கும் சரிவில்
மார்பில் ஈட்டியோடு கிடத்தினார்கள்.
மூடுபனி வருவதற்குள் எடுத்தாக வேண்டும்.
"கடைசியா ஏதாவது முனகுங்க சார்.
உதடு அசைஞ்சாப் போதும், டப்பிங்ல பாத்துக்கலாம்."

அறையில் அந்த ரீல் ஓடியது.
என் தாளில் இருந்தது: தமிழா, என்னை மன்னித்துவிடு.
மன்னித்துவிடு முடிந்த பிறகும்
அவர் வாய் எங்கோ ஏறிக்கொண்டிருந்தது.
ஏழு டேக்.
தமிழாவை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.
நடுவில் இருமிப் பார்த்தேன்.
கடைசியில் வட்டக்கானலுக்கு போன் போட்டேன்,
சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
சாகும்போது என்ன சார் சொன்னீங்க?

பாறைக்கு வெடி வைக்குமுன்
அப்பா போடும் சத்தமாம் அது.
ஒதுங்குங்க, திரி பத்தவச்சாச்சு,
மேல்தட்டு ஆளுங்க எல்லாம் எறங்குங்க,
ஒதுங்குங்க.

நீளம் பிடிபடட்டும் என்று
படப்பிடிப்பில் பதிந்த ஒலியைப் போடச் சொல்லி
ஹெட்போன் மாட்டினேன்.
காற்று. ஜெனரேட்டர்.
அவர் பாஷை,
என்னை எதற்கும் எதிர்பாராமல்.
பிறகு, ஃப்ரேமுக்கு வெளியே, வயல்காரி ஒருத்தி:
"தொரை செத்தாச்சா? நான் தண்ணி திருப்பணும்."
யாரோ உஸ் என்கிறார்கள்.
அதன் பின் பிணம்,
இத்தனை வருஷமாய் நான் ஒருத்தர் காதிலும் விழவிடாத
மெல்லிய, கொஞ்சம் கூச்சப்படும் தமிழில்:

"ஒரு நிமிசம்க்கா. இன்னும் கட் சொல்லலை."