கீழிருந்து வரும் சைகை

கிரேன் ஏணியின் முதல் படியிலேயே
வயிற்றில் புளி கரைய ஆரம்பித்துவிடும்.
க்டீனியா துறைமுகத்தில்
பத்தொன்பது வருடமாய் ஏறுகிற ஏணி.
யாராவது கேட்டால் காற்றைக் காட்டுவேன்,
பால்டிக் கடலைக் காட்டுவேன்.

டாக்டர் ஸ்மோலரெக் என் கனவுகளைக் கேட்கவில்லை.
"போகுமிவ், நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?"

கப் நூடுல்ஸ்.
முந்தாநாள்?
அதேதான். ஞாயிறென்றால் இரண்டு.
ஒட்டிலியா போனபிறகு
அடுப்பைப் பற்றவைப்பது
வராத ஆளைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் இருந்தது.
இதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு தாளை எடுத்து
மேலே ஒரு வட்டம் வரைந்தார், மூளை.
கீழே ஒரு சுருள், குடல்.
நடுவில் ஒரு நரம்பு.
"மேலிருந்து போகும் கட்டளையைவிட
கீழிருந்து வரும் செய்திதான் இதில் அதிகம்."

அது மட்டும் சட்டென்று புரிந்தது.
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டில் தனியாக இருப்பவன் நான்.
தரையில் நிற்கும் கயெத்தான் கை காட்டாமல்
ஒரு பெட்டியையும் தூக்கியதில்லை.

ரை மாவு, தண்ணீர், பூண்டு, ஐந்து நாள் பொறுமை.
ஊரே குடிக்கிற புளிப்பு சூப்புக்கு
நான் புளிக்க வைத்த முதல் ஜாடி
பச்சையாய்ப் பூசணம் பூத்தது.
கொட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்,
முப்பது டன் தூக்குகிறவன்,
கைப்பிடி மாவுக்காக.

இரண்டாவது ஜாடியை
ரேடியேட்டர் ஓரம் நகர்த்தினேன்.
நாலாம் இரவு, தூக்கம் வராத மூன்று மணிக்கு,
சமையலறையில் சின்னதாய் ஒரு சத்தம்.
ஒரு குமிழி.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
இந்த வீட்டில் என்னைத் தவிர
யாரோ மூச்சுவிட்டு எத்தனை நாளாயிற்று!

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை.
மாத்திரை டப்பா மேசைமேல் அப்படியே இருக்கிறது.
பீன்ஸ் வேகவைக்கிறேன், முட்டைக்கோஸ் நறுக்குகிறேன்,
சில இரவுகளில் ஐந்து மணிவரை தூங்குகிறேன்.
பிப்ரவரியில் ஒரு வாரம்
மறுபடி நூடுல்ஸ்.

இன்று பனி. ஏணி வழுக்குகிறது.
வயிற்றில் புளி கரைகிறது.
ஃபிளாஸ்கைத் திறந்து
நானே கரைத்த புளிப்பை
அதன்மேல் ஊற்றுகிறேன், சூடாக.

கீழே கயெத்தான் கையை உயர்த்துகிறான்.
பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
தூக்குகிறேன்.