நானூற்றுப் பன்னிரண்டாவது முறை

கோட்டையூர் ரயில்வே கேட் தாண்டி
தகரக் கொட்டகையில்
நிலா வந்து இறங்கியிருக்கிறது:
நாமக்கல் பாறையை அரைத்த சாம்பல் தூள்,
மூட்டை பதினெட்டு.

அங்கே போய் நிற்கப்போகும் கப்பலுக்கு
வாசல் பத்தாள் உயரத்தில்.
ஆட்கள் கூண்டில் இறங்கி
கூண்டில்தான் திரும்ப ஏறவேண்டும்.
அந்தக் கூண்டுக் கதவின் கொண்டி
எங்கள் பொறுப்பு.
ஆயிரம் முறை திறந்து மூடினால் பணம்.
தனியார் கம்பெனி; முன்பணம் கிடையாது.

வெற்றிடப் பெட்டிக்குள் சத்தம் ஏது,
மூடும்போதெல்லாம் திரையில் ஒரு பச்சைப் புள்ளி.
நானூற்றுப் பதினொன்று வரை வந்தது.

சாத்தப்பன் கொட்டாவியை விழுங்கினான்.
"கரண்ட் ஆடியிருக்கும், சிகப்பி.
அத விட்டுட்டு எண்ணு."

ஆடியிருக்கலாம்.
பேங்க் தவணை இருபதாம் தேதி.

கண்ணாடி வழியே பார்த்தேன்.
கீலுக்குள் ஒரு துணுக்கு,
கடுகில் பாதிகூட இல்லை.
அதற்கு அந்தப் பக்கம்
தடித்த கையுறையால் கொண்டியை ஆட்டியபடி
பெயர் தெரியாத ஒருத்தி,
முதுகில் மிச்சக் காற்றோடு.

'சிக்கியது' என்று எழுதினேன்.
இரவு 2.40. கையெழுத்து.

அவன் எதுவும் சொல்லவில்லை.
வால்வைத் திருப்பினான்;
பெட்டிக்குள் காற்று சீறிக்கொண்டு போனது.
பிறகு அவனே சாமணத்தை எடுத்து நீட்டினான்.

துணுக்கைக் காகிதத்தில் மடித்து வைத்தேன்.
இமையெல்லாம் சாம்பல். தும்மினால் நிலா.

விடியுமுன்னே மறுபடி பூஜ்யத்திலிருந்து.
நெல் அளக்கிறவன் குரலில்,
என்னைப் பார்க்காமல்,
சாத்தப்பன் எண்ணத் தொடங்கினான்:
"லாபம்…
ரெண்டு…"