எண்பது டிகிரி

காலை ஐந்தே கால். மைனஸ் பத்தொன்பது.
இவாலோ விமான நிலையத்தில்
விடியல் என்பது டிசம்பர் முழுக்க வெறும் வதந்தி.

லாரித் தொட்டியில் நாலாயிரம் லிட்டர்
கொதிக்காமல் கொதித்துக்கொண்டிருக்கிறது.
எண்பதுக்கு மேலே போனால் சரக்குக்குக் கேடு,
கீழே போனால் விமானத்துக்குக் கேடு என்பான் என்சியோ.
ஓட்டுகிறவன் அவன். வருடத்துக்கு
நாற்பது வாக்கியம் மட்டும் ஒதுக்கி வைத்திருப்பவன்.

நான் கூடைக்குள், கிரேன் கையின் நுனியில்.
குழாயைத் திறக்கிறேன்.
ஆரஞ்சு நிறத்தில் சூடு பாய்கிறது.
இரவெல்லாம் இறக்கைமேல் உட்கார்ந்திருந்த பனி
வாடகை பாக்கி வைத்தவன்போல
சத்தமில்லாமல் எழுந்து நழுவுகிறது.
ஆவி மூடிக்கொள்ள
கொஞ்ச நேரத்துக்கு உலகத்தில்
பாகு காய்ச்சும் வாசனை மட்டும்.
என் மகளுக்கு அது இருமல் மருந்து வாசனை;
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கட்டிப்பிடிப்பாள்.

ஆவி விலக, ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வருகின்றன.
மஞ்சள் வெளிச்சம். கழுத்துத் தலையணைகள்.
ஏழாம் வரிசையில் ஒருவர் வாழைப்பழம் உரிக்கிறார்.
யாரும் என்னைப் பார்ப்பதில்லை.
பார்த்தாலும், கார் கழுவுகிறவளைப் பார்க்கிற பார்வை.

இன்று கீழே இன்னொருவர்:
டென்மார்க்கிலிருந்து டோர்கில்.
இந்தக் குளிருக்குப் பொருந்தாத மெல்லிய ஷூ.
புதுக் குழாய்முனை அவருடையது, பதினோரு துளை.
முதல் மாதிரியைத் தங்கையின்
இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துச் செய்தாராம்,
தங்கை இன்னும் பேசுவதில்லையாம்.
இறக்கையின் குளிரைக் கேட்டுக் கேட்டு
தண்ணீரையும் மருந்தையும் அதுவே கலந்துகொள்ளும்.
கூடவே ஒரு கேமரா:
பனி இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் நீலம்.

திரை முழுக்க நீலம்.
டோர்கில் கட்டைவிரலை உயர்த்துகிறார்.

ஆனால் ஒரு பனி உண்டு.
டாங்கியில் ராத்திரி தங்கிய எரிபொருளின் குளிரில்
இறக்கையோடு இறக்கையாய் ஒட்டிக்கொள்ளும்.
அதன் வழியே பெயின்ட் தெரியும், ஆணித்தலை தெரியும்,
அது மட்டும் தெரியாது.

"நிறுத்து" என்றேன் ரேடியோவில்.
கையுறையைக் கழற்றினேன்.
குனிந்து, உள்ளங்கையை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

ஈர உலோகம். நினைத்ததைவிட வெதுவெதுப்பு,
ஓடி நின்ற கலைமானின் விலாபோல.
நகர்த்தி நகர்த்தித் தடவினேன்.
எங்கேயும் ஒன்றுமில்லை.
மடக்குத் தகட்டின் விளிம்பில் மட்டும்
மோதிர விரல் நுனி ஒட்டி, தோல் உரிந்து வந்தது.

பதினோரு நிமிடத் தாமதம்.
விமானியின் "நன்றி"யில் மைனஸ் இருபது.
டோர்கில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் காப்பி அறையில் வந்து கேட்டார்,
கேலியே இல்லாமல்:
"கையை வைத்ததும் என்ன தெரிகிறது?
அதை எப்படி எண்ணாக்குவது?"
நான் கையை நீட்டினேன்.
வாங்கிப் புரட்டிப் பார்த்தார்,
உதிரிப்பாகம் பார்க்கிறவர்போல.
எதையாவது சொல்லவேண்டும்போல இருந்தது.
ஒன்பது குளிர்காலத்தில்
இரண்டே தடவை கையில் தட்டியிருக்கிறது என்றேன்.
மீதியெல்லாம் வெறும் தகடுதான்.
அந்த இரண்டு விமானங்களும் ஹெல்சின்கியில் இறங்கின.
இறங்கியவர்களில் ஒருவர்
சாண்ட்விச் காய்ந்திருந்தது என்று புகார் எழுதினார்.

என்சியோ நாற்பதில் ஒன்றைச் செலவழித்தான்:
"அடுத்தது ஆறு நாற்பது."

வெளியே வடிகால் ஓரம் ஆரஞ்சுப் பனி.
தித்திப்பை நம்பி வந்த நரியின் தடம்
பாதி வழியில் யோசித்துத் திரும்பியிருந்தது.

சாயங்காலம் சவுனா.
அடுப்பின் கற்களில் ஒரு அகப்பை தண்ணீர்.
சீறி எழுகிறதே, அதற்கு எங்கள் பேர் லோயிலு.
ரொம்பப் பழைய நாளில்
உயிருக்கும் அதுதான் பேராம்.
முதுகில் வந்து உட்காருகிறது, மெதுவாக, யாரோபோல.

சுவரில் வெப்பமானி: எண்பது.
எரிகிற விரலை மட்டும்
கதவிடுக்கு வழியே
குளிரில் நீட்டி வைத்திருக்கிறேன்.