எத்தனையாவது அடி

பெர்கனுக்கு வடக்கே
ஃப்யோர்டின் அடிமண்ணில்
பாலத்துக்குத் தூண் அறைகிறார்கள்.
முதல் அடியிலேயே
வலைக்கூண்டின் ஹெர்ரிங் கூட்டம்
ஒரே உடம்பாய்க் கீழே சாய்ந்தது,
யாரோ மேசைவிரிப்பை உருவியதுபோல்.

கானாங்கெளுத்திக்குக் காற்றுப்பை இல்லை.
ஒரு சுற்று விலகிப் போய்த்
திரும்பி வந்தது.
நாக்குமீன் மணலை உதறி எழுந்து
எங்கென்று தெரியாமல் விரைந்தது.

காட் மீன் மட்டும் நின்றுவிட்டது.
செதிள்கூட அசையவில்லை.
'பாதிப்பு இல்லை' என்ற கட்டத்தில்
டிக் போடப் போனேன்.

யோருன் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
எண்ணெய் மேடையில் பதினோரு வருடம்;
அவள் வலது காது
அங்கேயே தங்கிவிட்டது.
காதுக்கருவியைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டபடி சொன்னாள்:
"நானும் இப்படித்தான் நின்றேன்.
'பழகிவிட்டாள்' என்று எழுதினார்கள்."

முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆறிய காபியில் வட்டங்கள்.
முந்நூற்றுப் பதின்மூன்று.
மீனின் தலைக்குள்
காதுக்கல் ஒன்று இருக்கிறது,
அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது.
ஒவ்வொரு அடியும் அதில்தான் விழுகிறது.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
கேட்கிறது.