நயினார்குளம், ஆறே முக்கால்

கணக்குத் தாளில்
முக்குளிப்பானுக்கு ஒரு கட்டம் உண்டு.
பதினொன்று என்று எழுதினேன்.
முங்கியது ஒன்று,
தள்ளி எழுந்தது அதேதானா?
அடித்துவிட்டுப் பத்து என்றேன்.
"ஒண்ணு கூடக்கொறைய இருந்தா
கொளம் வத்திருமாக்கா?"
மின்கம்பத்தடியில் பைக்கைச் சாய்த்தபடி மாசானம்.

வௌவாலுக்குக் கட்டம் இல்லை.

மருத மரத்திலிருந்து கிளம்பிவிட்டன.
கிழிந்த குடைத்துணி என்று சொல்லலாம்,
சொல்ல மாட்டேன்.
நரி முகம், ஈர மூக்கு,
நெஞ்சில் கவ்விக் கிடக்கும் குட்டி.
முக்குளிப்பான் குஞ்சு முதுகில் ஏறிக்கொள்ளும்.
இரண்டுக்கும் தரையில் நடக்க வராது:
ஒன்றுக்குக் கால் வால்பக்கம் முளைத்துவிட்டது,
இன்னொன்றுக்குத் தொங்குவதற்கென்றே.

பங்குனி வெக்கை.
ஒரு வௌவால் தாழ்ந்து வந்து
வயிற்றை நீரில் உரசி மேலேறியது.
எங்காவது கிளையில் தொங்கி
அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கும்.
உரசிய இடத்தருகே
மிதந்துகொண்டிருந்த முக்குளிப்பானைக் காணோம்.
இரண்டு வளையங்கள்
ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன.

"இப்ப எத்தன?" என்றான் மாசானம்.

தாளைத் திருப்பி
வெறும் பக்கத்தில் எழுதினேன்:
ஒரு முறை தொட்டது.