நூற்றுக்கு இரண்டு

தீவுத்திடல் பொருட்காட்சி முடிந்த மறுவாரம்
அரிசிச் சாக்கில் வந்து இறங்கும் கூப்பன்கள்,
டெல்லி அப்பளத்தின் எண்ணெய்க் கறையோடு.

ஈக்காட்டுத்தாங்கலில் இரண்டாவது மாடி.
கீழே பழைய டயர் கடை, மேலே நாங்கள் ஒன்பது பேர்.
கூப்பனுக்கு முப்பத்தைந்து பைசா.

கார் விழும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள்.
யாருக்கு விழுந்தது என்று எபினேசர் சாருக்கே தெரியாது.
பெயர், வயது, செல், மெயில்.
எக்செல் தாளாகி, இருட்டுவதற்குள் எங்கோ போகும்.
அங்கிருந்து எங்கே என்று கேட்கக் கூடாது.
கடன் தருகிறேன் என்பவன், முடி வளர்ப்பவன்,
உங்கள் கணக்கு முடங்கிவிட்டது என்று பதறுகிறவன்
எல்லோருக்கும் சோறு
இந்தச் சாக்கில்தான்.

ஒன்றா, எல்லா என்று
கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.
அண்டர்ஸ்கோர் என்றதும்
முகவரி முழுவதையும் அடிக்கோடிட்டவர் ஒருவர்.
'மெயில் என் மகனுடையது. கனடாவில் இருக்கிறான்.
இரவில்தான் பார்ப்பான்' என்று ஓரத்தில் பொடியாக எழுதியிருந்தார்
நங்கநல்லூர் கோமளவல்லி, வயது 68.
'இல்லை' என்று எழுதி, பிறகு அதை அடித்து,
பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மெயிலைக் கொடுத்திருந்தார்
வியாசர்பாடித் தச்சர்.

நூற்றுக்கு இரண்டு பிழை தள்ளுபடி.
மூன்றானால் காசு பிடிப்பார்கள்.
அந்த இரண்டையும் நான் கைதவறி விடுவதில்லை.
நெரிசல் பஸ்ஸில்
யாருக்கு எழுந்து இடம் கொடுக்கலாம் என்று பார்ப்பவளைப் போல
காலையிலிருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கனடாக்காரன் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கினேன்.
ஜெராக்ஸ் கடையின் ஏழை ஒன்பதாக்கினேன்.
அவர்களுக்குத் தெரியாது.
வராமல் போன கடிதத்தை
யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

அதே நூறில், தொண்ணூற்று நான்காவது
என் கையெழுத்து.

காணும் பொங்கலன்று. அப்போது இந்த வேலை இல்லை.
தங்கையோடு ராட்டினத்துக்கு வரிசையில் நின்றபோது
ஒரு பையன் அட்டையையும் பேனாவையும் நீட்டினான்.
நானுமா எழுதினேன்?
எழுதியிருக்கிறேன்,
கடைசி எழுத்தின் வால் உட்பட அழகாக.
வயதில் இரண்டைக் குறைத்து.

பிழை இரண்டும் பதினொரு மணிக்கே செலவாகிவிட்டன.
எபினேசர் சார் டீயை வைத்துவிட்டு
திரையைப் பார்த்தபடி நின்றார்.

அடித்தேன். எழுத்தெழுத்தாக.
ஒருமுறை சரிபார்த்தேன்.
வயதை மட்டும்
திருத்தவில்லை.